புரோஸ்டேட் புற்றுநோய் உறுதியான பின் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவர் அல்லன். சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் ஓய்வு பெற்ற தொழில்நுட்பர். 64 வயதில் எனக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் இருப்பது உறுதியானது. எந்தச் சிகிச்சை என்று முடிவெடுக்க எனக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆயின. அதன் பிறகு, இதே நிலையில் இருந்த உறவினர்களும் கோயில் நண்பர்களும் அவர்களுடைய மனைவிமாரும் என்னிடம் கேட்ட கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன். நோய் வேறெங்கும் பரவாமல் புரோஸ்டேட் சுரப்பிக்குள்ளேயே இருப்பவர்களை மனத்தில் வைத்தே பெரும்பாலான பதில்களை எழுதியுள்ளேன், ஏனெனில் தேர்ந்தெடுக்கும் குழப்பம் அவர்களுக்குத்தான் அதிகம்.

பயாப்சி (திசுப் பரிசோதனை) முடிவு வந்துவிட்டது. எவ்வளவு விரைவாக முடிவெடுக்க வேண்டும்?

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் மறுநாளே அறுத்து எடுத்துவிட வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் சுரப்பிக்குள் அடங்கியிருக்கும் புரோஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் மெதுவாக வளர்வது. ஆகவே யோசிப்பதற்கும், இரண்டாவது கருத்துக் கேட்பதற்கும், குடும்பத்தாருடன் பேசுவதற்கும் பெரும்பாலோருக்குச் சில வாரங்கள் தாராளமாக உண்டு. உங்களுக்கு எத்தனை வாரம் என்பதை மருத்துவரிடம் நேரடியாகவே கேட்டுவிடுங்கள். முதுகெலும்பில் புதிதாகத் தொடங்கிய கடும் வலி, கால்கள் மரத்துப்போதல் அல்லது வலுவிழத்தல், சிறுநீர் அறவே வராமல் அடைத்துக்கொள்ளுதல் ஆகியவை இருந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

அறிக்கையில் 3+4 என்றும் 4+3 என்றும் எழுதியிருக்கிறது. கூட்டினால் இரண்டும் 7 தானே?

கூட்டுத்தொகை ஒன்றுதான், பொருள் ஒன்றல்ல. நுண்ணோக்கியின் கீழ் புற்றணுக்களின் அமைப்பு இயல்பான சுரப்பித் திசுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் கிளீசன் அளவீடு காட்டுகிறது. முதலில் எழுதப்படும் எண் அதிகமாகக் காணப்படும் அமைப்பைக் குறிக்கும். 3+4 என்றால் பெரும்பகுதி சாதுவானது, 4+3 என்றால் முரட்டு வகையே பெரும்பகுதி. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே இப்போது 1 முதல் 5 வரையிலான தரக் குழுக்களையும் அறிக்கையில் எழுதுகிறார்கள். 3+3 முதலாம் குழு, 3+4 இரண்டாம் குழு, 4+3 மூன்றாம் குழு, கூட்டுத்தொகை 8 என்றால் நான்காம் குழு, 9 அல்லது 10 என்றால் ஐந்தாம் குழு.

தரக் குழுவுடன் இரத்தத்தில் உள்ள பிஎஸ்ஏ (புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்) அளவையும், மலவாய் வழியாக மருத்துவர் தொட்டுப் பார்க்கும் விரல் பரிசோதனையிலும் எம்ஆர்ஐ படத்திலும் தெரியும் பரவலையும் சேர்த்துப் பார்த்துத்தான் குறைந்த, நடுத்தர, அதிக அபாயம் என்று பிரிக்கிறார்கள். பிஎஸ்ஏ 10க்குக் கீழே இருப்பது நல்ல அறிகுறி. 20க்கு மேல் போனால் அதிக அபாயப் பிரிவில் வைப்பார்கள். சிறுநீர் தாராளமாகப் போவதற்காக ஃபினாஸ்டரைடு போன்ற மாத்திரையை நீண்ட நாள் சாப்பிட்டு வருபவர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த மாத்திரை பிஎஸ்ஏ அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும். எனக்கு 4+3, பிஎஸ்ஏ 11. நடுத்தர அபாயத்திலும் சற்றுக் கடினமான பக்கம் என்று விளக்கினார்கள்.

புற்றுநோய் என்று சொல்லிவிட்டு, சிகிச்சை வேண்டாம், கண்காணித்தால் போதும் என்கிறார்களே. வயதானவர் என்று கைவிடுகிறார்களா?

இந்த ஐயம் நம் குடும்பங்களில் மிகப் பரவலாக இருக்கிறது. முனைப்பான கண்காணிப்பு என்பது கைவிடுதல் அன்று. சில மாதங்களுக்கு ஒருமுறை பிஎஸ்ஏ, குறித்த இடைவெளியில் விரல் பரிசோதனை, எம்ஆர்ஐ, மீண்டும் பயாப்சி என்று ஓர் ஒழுங்கோடு நோயைப் பின்தொடர்ந்து, அது தன்மை மாறும் அறிகுறி தெரிந்தால் குணப்படுத்தும் சிகிச்சைக்கு மாறுவதுதான் அதன் திட்டம். குறைந்த அபாயம் உள்ளவர்களுக்கு உலகெங்கும் முதலில் பரிந்துரைக்கப்படுவது இதுவே. இரண்டாம் தரக் குழுவில் உள்ள சிலருக்கும் இது பொருந்தும்.

இதன் விலையையும் சொல்ல வேண்டும். கண்காணிப்பில் இருப்பவர் பரிசோதனை நாள்களைத் தவறவிடக் கூடாது. ஒவ்வொரு முடிவு வரும்போதும் மனம் பதறும். "உள்ளே வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது" என்று கேட்கும் மனிதருக்கு இது நிம்மதி தராது. அந்த மனநிலையும் எடைபோட வேண்டிய ஒரு காரணிதான், அதற்காக யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

முன்னாள் பிரதமரே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டாரே. அதுதானே சிறந்தது?

திரு லீ சியன் லூங் 2015 பிப்ரவரியில், 63ஆம் வயதில், சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் ரோபோ உதவியுடன் புரோஸ்டேட்டை அகற்றும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார் என்பது உண்மை. எடுக்கப்பட்ட 38 திசு மாதிரிகளில் ஒன்றில் புற்றணுக்கள் இருந்ததாக அப்போது அறிவிக்கப்பட்டது. அவர் வெளிப்படையாகப் பேசியதால் பல ஆண்கள் தயக்கம் விட்டு மருத்துவரைப் பார்த்தார்கள் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அவருடைய வயது, உடல்நிலை, மருத்துவ வரலாறு, மருத்துவர்களின் ஆலோசனை எல்லாம் சேர்ந்து அமைந்த முடிவு அது. இன்னொருவரின் அறிக்கையை வைத்து நம் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

அறுவைச் சிகிச்சையா, கதிரியக்கச் சிகிச்சையா? எது உயிரைக் காக்கும்?

இதற்குத் தெளிவான விடை தர முயன்ற பெரிய ஆய்வு பிரிட்டனில் நடந்தது. பிஎஸ்ஏ பரிசோதனை மூலம் நோய் கண்டறியப்பட்ட, 50 முதல் 69 வயது வரையிலான 1,643 ஆண்களைக் குலுக்கல் முறையில் கண்காணிப்பு, அறுவைச் சிகிச்சை, கதிரியக்கச் சிகிச்சை என மூன்றாகப் பிரித்தார்கள். 15 ஆண்டுகள் கழித்து, 2023இல் வெளியான முடிவின்படி புரோஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் கண்காணிப்புக் குழுவில் 3.1 விழுக்காடு, அறுவைச் சிகிச்சைக் குழுவில் 2.2 விழுக்காடு, கதிரியக்கக் குழுவில் 2.9 விழுக்காடு. புள்ளிவிவர முறைப்படி இந்த மூன்றுக்கும் இடையே வேறுபாடு இல்லை. அந்த 15 ஆண்டுகளில் இதய நோய் முதலிய எல்லாக் காரணங்களையும் சேர்த்தால் இறந்தவர்கள் ஏறத்தாழ 22 விழுக்காடு.

வேறுபாடு இருந்த இடம் வேறு. நோய் உடலின் மற்ற பகுதிகளுக்குப் பரவியது கண்காணிப்புக் குழுவில் 9.4 விழுக்காட்டினருக்கு. மற்ற இரண்டு குழுக்களிலும் அது ஏறத்தாழ 5 விழுக்காடு. கண்காணிப்பில் தொடங்கியவர்களில் 61 விழுக்காட்டினர் 15 ஆண்டுகளுக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் அறுவையோ கதிரியக்கமோ பெற்றார்கள். அந்த ஆய்வில் பெரும்பாலோர் குறைந்த அல்லது நடுத்தர அபாயத்தினர் என்பதையும், ஏறக்குறைய அனைவரும் வெள்ளையர் என்பதையும், இன்றுபோல எம்ஆர்ஐ துணையோடு கண்காணிப்பு நடக்காத காலத்தில் அது தொடங்கியது என்பதையும் சேர்த்தே அந்த எண்களைப் படிக்க வேண்டும்.

என் மனத்தில் இருந்த சுமை இந்த எண்களைப் பார்த்த பிறகே இறங்கியது. அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒன்றையும் கதிரியக்க நிபுணர் மற்றொன்றையும் சொல்வதால் ஒருவர் தவறாகச் சொல்கிறார் என்று பொருளல்ல. இருவரையும் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். பார்த்தது ஒருவரை மட்டும் என்றால் மற்றவரிடம் அனுப்பிவைக்கும்படி கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

உயிர் பிழைக்கும் வாய்ப்பு ஒன்றாக இருந்தால், எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பக்க விளைவுகளை வைத்து. எந்தக் குறையோடு உங்களால் வாழ முடியும், எதோடு முடியாது என்பதுதான் கேள்வி. அதை மருத்துவரால் உங்களுக்காகத் தீர்மானிக்க இயலாது.

அறுவைச் சிகிச்சையில் சுரப்பி முழுவதும் அகற்றப்படுகிறது. ஒன்று முதல் இரண்டு வாரங்கள் வரை சிறுநீர்க் குழாயோடு வீட்டில் இருக்க வேண்டும். குழாயை எடுத்தபின் இருமினாலும் எழுந்தாலும் சிறுநீர் கசியும். பலருக்கு அது மாதங்களில் கட்டுக்குள் வரும், சிலருக்கு முழுமையாக வராது. மேற்சொன்ன ஆய்வில் ஆறு மாதத்தில் கசிவுக்காகப் பேட் அணிந்தவர்கள் அறுவைச் சிகிச்சைக் குழுவில் 46 விழுக்காடு, கதிரியக்கக் குழுவில் 5 விழுக்காடு. ஆறு ஆண்டுகளில் அவை முறையே 17, 4 என்று இறங்கின. இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை அறுவைக்கு முன்பே ஒரு உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் கற்றுக்கொள்வது நல்லது.

விறைப்புத் தன்மை எல்லாக் குழுக்களிலும் குறைந்தது. உறவுக்குப் போதுமான விறைப்பு இருந்தவர்கள் ஆறு மாதத்தில் அறுவைக் குழுவில் 12 விழுக்காடு, கதிரியக்கக் குழுவில் 22 விழுக்காடு, கண்காணிப்பில் 52 விழுக்காடு. ஆறு ஆண்டுகள் கழித்து 17, 27, 30 என்று அவை நெருங்கிவிட்டன. வயதும் சேர்ந்து தன் வேலையைச் செய்கிறது என்பது இதில் தெரிகிறது. நரம்புகளைக் காப்பாற்றி அறுக்க முடியுமா என்பது நோய் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அறுவைக்குப் பின் உச்சநிலையில் விந்து வெளிவராது. குழந்தை பெறும் எண்ணம் உள்ளவர்கள் எந்தச் சிகிச்சைக்கும் முன்பே விந்தணுச் சேமிப்பைப் பற்றிக் கேட்க வேண்டும்.

கதிரியக்கத்தில் கத்தி இல்லை, ஆனால் தொடர்ந்து வர வேண்டும். முன்பு ஏழு எட்டு வாரங்கள் நீண்டது. இப்போது பலருக்கு நான்கு வாரங்களில் 20 அமர்வுகள், தகுதியானவர்களுக்கு ஐந்தே அமர்வுகள்கூட உண்டு. சிகிச்சைக் காலத்தில் அடிக்கடி, அவசரமாகச் சிறுநீர் வரும், களைப்பு இருக்கும். ஆண்டுகள் கழித்து மலத்தில் இரத்தம் வருதல், மலத்தை அடக்க இயலாமை போன்ற குடல் தொல்லைகள் அறுவையைவிட இதில் அதிகம். ஏற்கெனவே புரோஸ்டேட் வீங்கிச் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகிறவருக்கு அறுவை அந்தத் தொல்லையையும் சேர்த்து நீக்கும், கதிரியக்கமோ தொடக்கத்தில் அதைக் கூட்டலாம். நாள்பட்ட குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் கதிரியக்கத்துக்கு முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பிற்காலத்தையும் எண்ண வேண்டும். அறுவைக்குப் பின் நோய் திரும்பினால் கதிரியக்கம் தர முடியும். கதிரியக்கத்துக்குப் பின் அறுப்பது கடினம், சிக்கல்களும் அதிகம். இதைக் காரணம் காட்டி இளையவர்கள் அறுவையை விரும்புவதுண்டு. நான் கதிரியக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் எளியது: என் மனைவி மூட்டுவலிக்காரர், நானே அவரைக் குளியலறைக்குத் தாங்கிச் செல்கிறேன். அறுவைக்குப் பிறகு ஆறு வாரங்கள் பாரம் தூக்காமல் இருப்பது எங்கள் வீட்டில் நடக்காத காரியம்.

அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் வசதி. மகன் நானே மொழிபெயர்க்கிறேன். போதுமா?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். மகனோ மகளோ நடுவில் அமர்ந்திருக்கும்போது, எந்தத் தந்தையும் விறைப்பைப் பற்றிக் கேட்பதில்லை. மருத்துவர் அதைச் சொன்னாலும் பிள்ளைகள் "சில பக்க விளைவுகள் இருக்கும்" என்று சுருக்கிவிடுகிறார்கள். சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்து, யாரும் சொல்லவில்லையே என்று அந்த மனிதர் தனக்குள் வெதும்புகிறார். என் மைத்துனருக்கு அப்படித்தான் நடந்தது. சொல்லப்பட்டிருந்தாலும் அவர் அதே சிகிச்சையைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார். தெரிந்து ஏற்பதற்கும் தெரியாமல் இழப்பதற்கும் இடையே உள்ள தூரம் பெரிது.

ஆகவே, தமிழ் பேசும் தாதியோ மருத்துவமனை மொழிபெயர்ப்பாளரோ கிடைப்பார்களா என்று சந்திப்பை உறுதிசெய்யும்போதே கேளுங்கள். சந்திப்பின் ஒரு பகுதியிலாவது பிள்ளைகள் வெளியே இருக்கட்டும், மனைவி உள்ளே இருக்கட்டும். கேட்க வாய் வராத கேள்விகளை முன்னதாகவே தாளில் எழுதி மருத்துவரிடம் நீட்டலாம். அவர்கள் இதைத் தினமும் கேட்பவர்கள், நம் கூச்சம் அவர்களுக்குப் புதிதல்ல.

ரோபோ அறுவைச் சிகிச்சை, புரோட்டான் சிகிச்சை என்கிறார்கள். புதியதுதானே மேலானது?

ரோபோ தானாக எதையும் அறுப்பதில்லை, மருத்துவரின் கையே அதை இயக்குகிறது. இரத்த இழப்புக் குறைவு, வீடு திரும்புவது விரைவு. ஆனால் ஆஸ்திரேலியாவில் திறந்த அறுவையையும் ரோபோ அறுவையையும் ஒப்பிட்ட ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் சிறுநீர்க் கட்டுப்பாடும் பாலியல் செயல்பாடும் இரண்டிலும் ஒத்தே இருந்தன. கருவியைவிட, அந்த அறுவையை மருத்துவர் ஆண்டுக்கு எத்தனை முறை செய்கிறார் என்ற கேள்வி பயனுள்ளது.

எக்ஸ்ரேக்குப் பதிலாகப் புரோட்டான் துகள்களால் கதிரியக்கம் தரும் வசதி சிங்கப்பூரில் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் உண்டு. புரோஸ்டேட் புற்றுநோயில் புரோட்டானையும் நவீன எக்ஸ்ரே கதிரியக்கத்தையும் ஒப்பிட்டு 2024இல் அறிவிக்கப்பட்ட அமெரிக்க ஆய்வு, குடல் தொல்லைகளில் வேறுபாடு காணவில்லை. கூடுதல் செலவுக்கு முன் இதை மருத்துவரிடம் பேசுங்கள்.

கதிரியக்கத்தோடு ஹார்மோன் ஊசியும் வேண்டும் என்கிறார்கள். ஏன்?

புரோஸ்டேட் புற்றணுக்கள் ஆண் ஹார்மோனை உண்டு வளர்பவை. அந்த ஹார்மோனை அடக்கினால் கதிரியக்கத்தின் பலன் கூடுகிறது. நடுத்தர அபாயத்தில் தேவைப்படுபவர்களுக்கு நான்கு முதல் ஆறு மாதங்கள், அதிக அபாயத்தில் ஒன்றரை முதல் மூன்று ஆண்டுகள் என்பது பொதுவான வழக்கம். அறுவைச் சிகிச்சைக்குப் பொதுவாக இது தேவையில்லை.

ஊசி சிறியது, விளைவுகள் சிறியவையல்ல. திடீர் வெப்ப அலை, வியர்வை, ஆசை குறைதல், தசை கரைந்து வயிறு பெருத்தல், எலும்பு மெலிதல், மனச்சோர்வு ஆகியவை வரலாம். இரத்தச் சர்க்கரையும் ஏறும். சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு சீனர்களைவிட அதிகம் என்பதால் இதை நாம் கூடுதல் கவனத்தோடு கேட்க வேண்டும். எனக்கு ஆறு மாத ஊசிக் காலத்தில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 7.1இலிருந்து 7.9 ஆயிற்று. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மாத்திரையைக் கூட்டினார்கள். ஊசி தொடங்கும் முன்பே நீரிழிவையும் இதயத்தையும் பார்க்கும் மருத்துவருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு எதிர்ப்புத் தரும் பயிற்சி செய்தது எனக்கு மிகவும் உதவியது.

அப்பாவுக்கு 79 வயது, இதய நோயும் உண்டு. அவரும் இவற்றையெல்லாம் யோசிக்க வேண்டுமா?

குணப்படுத்தும் சிகிச்சையின் பலன் தெரிய ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஆகும் என்பதால், மற்ற நோய்களால் ஆயுள் அதைவிடக் குறைவாக இருக்கக்கூடியவருக்கு அதன் தொல்லைகளே மிஞ்சலாம். அத்தகையவருக்குத் திரும்பத் திரும்ப பயாப்சி செய்யாமல், அறிகுறி வந்தால் மட்டும் ஹார்மோன் சிகிச்சை தரும் வழி உண்டு. வயது எண்ணை மட்டும் பார்க்காமல், அவர் மாடிப்படி ஏறுகிறாரா, தன் வேலையைத் தானே செய்கிறாரா என்பதையும் மருத்துவர் பார்ப்பார்.

நோய் எலும்புக்குப் பரவியிருந்தால்?

அப்போது உடல் முழுவதற்குமான ஹார்மோன் சிகிச்சைதான் அடித்தளம். அதனுடன் புதிய மாத்திரைகளோ கீமோதெரப்பியோ சேர்க்கப்படும். பரவல் குறைவாக இருந்தால் புரோஸ்டேட்டுக்குக் கதிரியக்கமும் தருவார்கள். பல ஆண்டுகள் கட்டுக்குள் வைத்திருக்க முடிகிறது. அது தனிப் பக்கம் எழுத வேண்டிய பொருள்.

செலவுக்கு என்ன வழி?

மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதி எல்லாச் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உண்டு, முன்பே இருந்த நோய்க்கும் அது பொருந்தும். ஆனால் அதன் தொகை அரசாங்க மருத்துவமனைகளின் கழிவுக் கட்டண (அரசு மானிய) வகுப்பை அளவாகக் கொண்டது. மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கின் பணத்தை வரம்புக்கு உட்பட்டு அறுவைக்கும் கதிரியக்கத்துக்கும் பயன்படுத்தலாம். தனியார் ஒருங்கிணைந்த காப்புறுதி வைத்திருப்பவர்கள் சிகிச்சைக்கு முன்பே எழுத்துபூர்வமாக உறுதிபெற வேண்டும். 2022 செப்டம்பர் முதல் புற்றுநோய் மருந்துகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட பட்டியல் ஒன்று நடப்பில் உள்ளதால், எழுதித்தரப்படும் மருந்து அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். பலதுறை மருந்தகம் வழியாகப் போனால் கழிவு கிடைக்கும், விரும்பிய மருத்துவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. தனியார் நோயாளியாகத் தொடங்கிப் பாதியில் கழிவுப் பிரிவுக்கு மாறுவது எளிதல்ல என்பதால் முதல் நாளே யோசித்துவிடுவது நலம். பணத் தட்டுப்பாடு என்றால் மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்கத் தயங்காதீர்கள்.

மூலிகை மருந்தோ வைட்டமினோ சேர்த்துக்கொள்ளலாமா?

என்ன சாப்பிட்டாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், சில மூலிகைகள் இரத்தம் உறைவதையும் மற்ற மருந்துகளையும் பாதிக்கும். புரோஸ்டேட்டுக்கு நல்லது என்று விற்கப்பட்ட வைட்டமின் ஈ மாத்திரையை 35,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் சோதித்தபோது, அதைச் சாப்பிட்டவர்களுக்கு இந்தப் புற்றுநோய் 17 விழுக்காடு அதிகமாக வந்தது என்று 2011இல் தெரியவந்தது.

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கலாமா? நோன்பு வைக்கலாமா?

அறுவைக்குப் பின் ஏறத்தாழ ஆறு வாரங்கள் பாரம் ஆகாது, நெடுநேரம் நிற்பதும் கசிவைக் கூட்டும். நேர்த்திக்கடன் இருந்தால் அறுவை நாளைக் குறிக்கும்போதே தைப்பூச நாளைச் சொல்லிவிடுங்கள். என் நண்பர் ஒருவர் அந்த ஆண்டு காவடியை விட்டுச் சிறிய பால்குடத்துடன், சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை நடந்தார். கதிரியக்கத்தின்போது ஒவ்வொரு நாளும் குறித்த அளவு தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொள்ளச் சொல்வார்கள், ஏனெனில் நிரம்பிய பை குடலைக் கதிரின் பாதையிலிருந்து தள்ளி வைக்கிறது. ரமலான் நோன்பின் பகலில் அது இயலாது. நோயாளிகள் நோன்பைப் பின்னர் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் இடமுண்டு என்பதால், அமர்வு நேரத்தையும் நோன்பையும் பற்றி மருத்துவரிடமும் உங்கள் பள்ளிவாசல் இமாமிடமும் முன்பே பேசிவிடலாம்.

என் மகன்களும் சகோதரர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா?

தந்தைக்கோ சகோதரனுக்கோ இந்நோய் இருந்தால் ஆபத்துக் கூடுகிறது. தாய்வழியில் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் இருப்பதும் முக்கியம், ஏனெனில் பிஆர்சிஏ2 என்ற மரபணுக் கோளாறு அந்தப் புற்றுநோய்களோடு புரோஸ்டேட் புற்றுநோயின் ஆபத்தையும் கூட்டும். உங்கள் நோய் தீவிர வகை என்றால் மரபணுப் பரிசோதனை பற்றி நீங்களே மருத்துவரிடம் கேளுங்கள். சிங்கப்பூரின் தேசியப் பரிசோதனைத் திட்டத்தில் புரோஸ்டேட் சேரவில்லை, எனவே யாரும் கடிதம் அனுப்பி அழைக்கமாட்டார்கள். குடும்ப வரலாறு உள்ளவர் ஏறத்தாழ 45 வயதில் தன் குடும்ப மருத்துவரிடம் பிஎஸ்ஏ பரிசோதனையின் நன்மை தீமைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். என் மகனுக்கு இப்போது 38. என் பயாப்சி அறிக்கையின் நகல் ஒன்றை அவன் வீட்டுக் கோப்பில் வைத்திருக்கிறான்.